டச்சிப் பானையின் மூடி

மச்சான்,

உன்னைக் கூப்பிட என்னிடம் வேறு பெயர் இல்லை. உன் அம்மா வைத்த பெயரைப் பாஸ்டர் சேர்ச்சில் வாசித்தபோது வேறு யாரையோ சொல்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. கடையில், பஸ்ஸில், பிளாசாவில் எல்லாருக்கும் நீ மச்சான்தான்.

இதை வாசிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் இனிமேல் அவன் என்றே எழுதுகிறேன். குறை நினைக்காதே.

அவன் கறுப்பினப் பெடியன். தாயும் தகப்பனும் ஜமேக்காவில் இருந்து வந்தவர்கள். அவன் பிறந்தது ஸ்காபரோவில், வளர்ந்தது மல்வேர்னில், எங்கள் டவுன்ஹவுஸ் வரிசைக்கு எதிர் வரிசையில். பிளாசாவில் உள்ள தமிழ் டேக்அவுட் கடையில் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்தோம். நான் உள்ளே ரோல்ஸ் சுற்றுவேன், கொத்துரொட்டி போடுவேன். அவன் கவுண்டரில் நிற்பான். தமிழை அங்கேதான் பிடித்தான். தூஷணம் முதலில் வந்தது, மற்றதெல்லாம் பிறகு.

வேலைக்கு வந்த புதிதில், பாதி இங்கிலிசில், என்னைக் கேட்டான்.

"மச்சான் எண்டால் என்ன?"

"அக்காவைக் கட்டுறவன்."

"உனக்கு அக்கா இருக்கோ?"

"இல்லை."

"அப்ப என்னத்துக்கடா என்னை ஏமாத்துறியள்?"

அன்றைக்குப் பிடித்த பெயர் அது.

ஜனவரியில் அவன் செத்துப்போனான். பிறப்பிலேயே இரத்தத்தில் இருந்த நோய். சிக்கிள் செல் என்பார்கள். இரத்தத்தில் வட்டமாக இருக்கவேண்டியது அரிவாள் மாதிரி வளைந்துபோய், ஓடாமல் அடைத்துக்கொள்ளும். குளிர் அதற்கு ஆகாது. அவன் ஜாக்கெட்டுக்கு மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு கவுண்டரில் நிற்பான். நோவு வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவான். சில நாளில் கையில் ஆஸ்பத்திரிப் பட்டியோடு திரும்பி வந்து, "ஆரடா என்ர சிஃப்டை எடுத்தது?" என்று சத்தம் போடுவான். அப்படிப் பல தடவை நடந்ததால் இந்த முறையும் நாங்கள் ஒருவரும் பெரிதாகப் பயப்படவில்லை. அவனுடைய சிஃப்டை நான் எடுத்தேன். அவன் திரும்பி வரவில்லை.

அவன் விட்டுப்போன வேலை ஒன்று இருந்தது. கடைக்குப் பின்பக்கம், அதே பிளாசாவில், கறுப்பினச் சனங்களின் சங்கம் ஒன்று ஒரு அறையை வாடகைக்கு வைத்திருக்கிறது. அதை நாங்கள் மியூசியம் என்போம். முன்பு அங்கே டான்ஸ் வகுப்பு நடந்தது. ஒரு சுவர் இன்னும் முழுக் கண்ணாடி. அதை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற ரீச்சர். சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் அவர் மிஸ். பெப்ரவரியில் கறுப்பின வரலாற்று மாதம் வரும். அதற்கு இந்த இடத்துக் கறுப்பினச் சனங்களின் சாமான்களை வைத்து ஒரு கண்காட்சி செய்யவேண்டும் என்று மிஸ்ஸும் அவனும் சேர்ந்து தொடங்கினார்கள். மேடை அடிக்கவும் பெயின்ற் பூசவும் அவன் என்னையும் இழுத்துப் போட்டான்.

சாமான் சேர்ப்பதற்கு அவனிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. எங்கள் பஸ் ஓடுகிற ரோட்டில் உள்ள வீடுகளில் இருந்து வந்ததாக இருக்கவேண்டும். "பெரிய இடங்களில எங்களைப் பற்றி வைக்கிற படத்தில எனக்குத் தெரிஞ்ச ஒரு முகமும் இல்லை மச்சான்" என்பான். வேலை முடிந்ததும் பஸ் ஏறி ஒவ்வொரு வீடாகப் போவான். பெண்கள் ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்குப் போடும் பெரிய தொப்பிகள், தலைமயிரை நீட்டி எடுக்க அடுப்பில் சூடாக்கும் இரும்புச் சீப்பு, ரயிலில் வெள்ளைக்காரரின் பெட்டி தூக்கிய ஒருவரின் கம்பளித் தொப்பி, வீட்டு வேலைக்கென்று தனியாக வந்து இறங்கிய பெண்களின் படங்கள், முடி வெட்டுகிற பழைய பாபர் கடை ஒன்றின் கதிரை, கார்னிவல் உடுப்பின் இறகுகள். ஒவ்வொன்றையும் மடியில் வைத்து பஸ்ஸில்தான் கொண்டுவந்தான். கதிரையை மட்டும் கடை முதலாளி அண்ணையின் வான் வண்டியில் ஏற்றினோம்.

கம்பளியிலும் இறகிலும் பூச்சி முட்டை இருக்கும் என்று மிஸ் சொன்னார். ஒன்று பொரித்தால் போதும், முழு அறையையும் அரித்துவிடும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி நன்றாக உறைய வைத்த பிறகுதான் உள்ளே எடுக்கவேண்டும். சங்கத்திடம் ஃப்ரீசர் இல்லை. எங்கள் கடையில் ஆள் படுக்கிற அளவுக்கு ஒன்று இருந்தது.

முதலாளி அண்ணை ஒருநாள் இறைச்சி எடுக்கத் திறந்தார்.

"டேய், உது என்னடா?"

"தொப்பி அண்ணை" என்றான் மச்சான்.

"ஆட்டிறைச்சிக்குப் பக்கத்தில என்னத்துக்கடா தொப்பி? இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா நான் என்ன சொல்லுறது, ஆட்டின்ர தொப்பி எண்டோ?"

"ஓம் அண்ணை. ஞாயிற்றுக்கிழமையில சேர்ச்சுக்குப் போற ஆடு."

அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விடவில்லை. "எனக்கு உது விளங்கேல்லை. நீங்களும் எங்களைப் போல வந்தாக்கள்தானே. பேந்தென்ன மியூசியம்?"

"அண்ணை, என்ர அம்மா பிளேனில வந்தவ. ஆனா எங்கட ஆக்கள் இருநூறு வருசத்துக்கு முந்தியே இந்த ஊரில நிண்டவை. எங்கட ஆக்களை விலைக்கு விக்க இந்த ஊர்ப் பேப்பரில விளம்பரம் போட்டவங்கள். லைன் எண்டு பாத்தா நீங்கள் எங்களுக்குப் பின்னாலதான். நில்லுங்கோ."

அண்ணை ஃப்ரீசருக்குள் எட்டிப் பார்த்தார்.

"அப்ப அந்தத் தொப்பியளைத் தூக்கி மேல வை. கீழ ரத்தம் வடியும்" என்றார்.

அறையின் நடுவில் ஒரு மேடை வரவேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடம் அது. அங்கே தன் அம்மாவின் பானையை வைக்கப்போவதாக அவன் சொன்னான்.

அவனுடைய அம்மாவை நான் அன்ரி என்பேன். அன்ரி இங்கிலிசில்தான் பேசுவார், அதுவும் ஜமேக்கா இங்கிலிஸ். ஆனால் அவர் சொன்னது எனக்கு ஞாபகம் வரும்போது எங்கள் வீட்டுத் தமிழில்தான் வருகிறது. அப்படியே எழுதுகிறேன்.

அந்தப் பானையை அவர்கள் டச்சி என்பார்கள். எங்கள் வீட்டில் பொரிக்கிற சட்டியைத் தாச்சி என்போம். இதைக் கேட்ட நாளில் இருந்து அவன் எங்கள் அடுப்படிக்கு வந்தால் அம்மாவின் தாச்சிக்குக் குட்மோர்னிங் சொல்வான். டச்சி என்பது பாரமான அலுமினியப் பானை, இரண்டு காது, குவிந்த மூடி. அன்ரி குமரியாக இருந்தபோது வேறு ஆட்களின் பிள்ளைகளைப் பார்க்கும் வேலைக்கு இந்த நாட்டுக்கு வந்தவர். பானையைச் சூட்கேசில் வைத்து, இடம் வீணாகக் கூடாது என்று அதற்குள்ளே உடுப்பை அடைத்துக் கொண்டுவந்தாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில்தான் சோறு. தேங்காய்ப்பால் விட்டு, சிவத்த போஞ்சி விதை போட்டு அவிப்பார். எங்களுக்கும் ஒரு பெட்டி வரும்.

"நீ கேட்டபடியால் தாறன். வேற ஆரும் கேட்டா குடுத்திருக்கமாட்டன்" என்று அன்ரி அவனிடம் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவன் அளவுநாடா தேடவில்லை. ரோல்ஸ் பெட்டி கட்டுகிற நூலைக் காற்சட்டைப் பையில் இருந்து எடுத்து, பானையின் வயிற்றைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டான். அந்த முடிச்சின்படி, பானை அசையாமல் இருக்க, பலகையில் ஆழமில்லாத வட்டப் பள்ளம் வெட்டினோம். மேடைக்குக் கறுப்பு பெயின்ற் அடித்தோம். நூலை மேடையின் பின்பக்கம் ஆணியில் மாட்டிவிட்டான்.

மிஸ் வைத்த சட்டம் வேறு. கண்காட்சிக்கு வேலை செய்கிறவர்கள் தங்கள் படத்தையோ பெயரையோ உள்ளே வைக்கக்கூடாது. சாமான் தந்த வீட்டாரின் காரியம் அது, எங்களுடையது இல்லை. சரியான சட்டம்தான். ஆனால் அவன் செத்த பிறகு எனக்கு ஒன்று விளங்கியது. அந்த அறையில் அவனுக்கென்று இருக்கக்கூடியது அந்தப் பானை மட்டும்தான். பானை வராவிட்டால், அத்தனை வீடுகளும் அந்த அறைக்குள் இருக்கும், அவனுடைய வீடு இருக்காது.

செய்தி வந்த பிறகு அன்ரி வீட்டுக்குப் போனேன். வீடு நிறையச் சனம். அன்ரி அடுப்படியில் நின்று அந்தப் பானையில் சோறு கிண்டிக்கொண்டிருந்தார். யாரோ வந்து கரண்டியை வாங்கப் பார்த்தும் கொடுக்கவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"தம்பி, மிஸ்ஸிட்டைச் சொல்லு. பானை வராது."

"சரி அன்ரி."

"அவன் கேட்டான், ஓம் எண்டனான். இப்ப கேக்கிறதுக்கு அவன் இல்லை."

"சரி அன்ரி."

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சா இதில ஆர் சமைக்கிறது? அதுவும் செத்த மாதிரித்தானே? எனக்கு ஒரு சாவே காணும், போதும். கோப்பையை எடு, சாப்பிடு."

நான் சாப்பிட்டேன். தம்பி என்ற சொல்லை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவன்தான்.

எங்கள் ஆட்கள் செத்தால் எட்டாம் நாள் படைப்போம். செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்து, இலையில் போட்டு, படத்துக்கு முன்னால் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியில் வந்துவிடவேண்டும். ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றால் அவர்கள் வந்து சாப்பிடமாட்டார்கள். அவனுக்கு எட்டுச் செய்யவேண்டும் என்று அம்மா சொன்னார்.

"அவன் எங்கட ஆள் இல்லையே அம்மா. அவை சேர்ச் ஆக்கள்."

"என்ர கையால திண்ட பிள்ளை" என்றார் அம்மா. அதற்கு மேல் பேச்சு இல்லை.

அப்பாவுக்கு நாங்கள் எட்டுச் செய்யவில்லை. ஊரில் நடந்த போரின் கடைசியில் அவர் காணாமல் போனார். எந்த நாளில் இருந்து எண்ணுவது என்று தெரியவில்லை. அதனால் இதில் அம்மாவை நான் மறித்துப் பேசுவதில்லை.

வீட்டில் வைக்கலாம் என்றால் அவனுடைய படம் எங்களிடம் கழுவி எடுத்ததாக ஒன்றும் இல்லை. ஃபோனில்தான் இருந்தது. ஃபோனை நிமிர்த்தி வைத்துப் படைப்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "அவன் கடைசியா எதில மினக்கெட்டுக்கொண்டு நிண்டவனோ அங்கதான் வருவான்" என்றார். அது எனக்குச் சரியாகப் பட்டது. மியூசியத்தின் திறப்பு, அதுதான் கதவுச் சாவி, என்னிடம் இருந்தது.

ஃப்ரீசரில் இருந்த வாழையிலையை இளக வைத்து எடுத்தேன். மட்டன் ரோல்ஸ், கொத்து, ஒரு போத்தல் ஜிஞ்சர் பியர். விளக்குக் கொளுத்தவில்லை. நெருப்பு ஆகாது என்று எனக்குத் தெரியும். உள்ளே சாப்பாடு கொண்டுவரக்கூடாது என்ற நோட்டிசும் கதவில் இருந்தது. அதை ஒட்டினதே நான்தான். படையலைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டிப் போகும்போது அது என்னைச் சொல்கிறது என்று நினைக்கவேயில்லை. சாப்பாடு என்றால் நாங்கள் தின்பது. படையல் வேறு.

நடுமேடையில், பானைக்காக வெட்டிய வட்டத்துக்குள் இலையைப் போட்டேன். ரோல்ஸை அடுக்கினேன். போத்தலைத் திறந்து வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு வெளியில் குளிருக்குள் நின்றேன். அப்போது முதலாளி அண்ணை ஃபோன் எடுத்தார். பிறந்தநாள் கொண்டாட்டம் ஒன்றுக்குப் பெரிய ஓடர் வந்துவிட்டது, கெதியாக வா என்றார். போனேன். வேலை முடிய நேரம் போய்விட்டது. காலையில் எடுப்போம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் நான் போகும்போது மிஸ் உள்ளே நின்றார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. இலை கிழிந்து கிடந்தது. ரோல்ஸ் ஒன்றும் இல்லை. கொத்தில் கொஞ்சம் சிந்திக் கிடந்தது. மேடையில் இருந்து தொப்பி அடுக்கியிருந்த தட்டு வரைக்கும், தட்டில் விரித்திருந்த வெள்ளைத் துணி முழுக்க, எலிப்புழுக்கை.

"இதை ஆர் வச்சது?"

"நான் மிஸ்."

"பசிச்சதோ?"

"எனக்கில்லை மிஸ்."

எட்டைப் பற்றிச் சொன்னேன். என்னுடைய இங்கிலிசில் அது சரியாக வரவில்லை. செத்தவனுக்குச் சாப்பாடு, கதவைச் சாத்தவேணும், அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மிஸ் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு தொப்பியாகத் தூக்கிப் பார்த்தார். விளிம்பு, றிபன், துணிப்பூ எல்லாவற்றையும் பார்த்தார். ஒன்றையும் எலி கடித்திருக்கவில்லை. கடைசித் தொப்பியை வைத்த பிறகுதான் பேசினார்.

"யங் மேன், அவனை எனக்கு ஆறு வயசில இருந்து தெரியும். நான்தான் எழுத்துச் சொல்லிக் குடுத்தனான். நீ செய்தது ஏன் எண்டும் எனக்கு விளங்குது. ஆனா இந்தத் தொப்பி தந்த பிள்ளையளிட்ட தாயின்ரை எண்டு வேற ஒண்டும் இல்லை. எலிக்கு உது தெரியாது. திறப்பைத் தா."

கொடுத்தேன்.

"தந்த ஆக்கள் எல்லாருக்கும் இண்டைக்கே ஃபோன் எடுத்து நடந்ததைச் சொல்லப்போறன். ஒளிச்சா பேந்து ஒருத்தரும் நம்பித் தரமாட்டினம். நடுமேடையையும் எடுக்கப்போறன். வெறும் மேடையைக் காட்ட ஏலாது."

"பானை வந்தால்?"

"வந்தால் பாப்பம்" என்றார். அவருக்கும் தெரியும், வராது.

கடைக்கு வந்து சொன்னேன். முதலாளி அண்ணை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"எலி எண்டு ஆரடா சொன்னது? ரோல்ஸ் முழுக்க முடிஞ்சு, கொத்து மிஞ்சிக் கிடக்கெண்டால் அது அவன்தான்."

வெங்காயத்தை வெட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

வீட்டில் அம்மா வாசலிலேயே மறித்தார்.

"முழுக்கச் சாப்பிட்டானோ?"

"ரோல்ஸ் முழுக்க."

"கொத்து?"

"கொஞ்சம் கிடந்தது."

"உறைப்புக் கூடிப்போச்சு. நான் அப்பவே சொன்னனான் உனக்கு."

அன்று பின்னேரம் அன்ரி வீட்டில் ஒன்பதாம் நாள். எங்களுக்கு எட்டு மாதிரி அவர்களுக்கு ஒன்பது. செத்தவரை வழியனுப்பப் பாட்டும் சாப்பாடும் விளையாட்டுமாகச் சனம் கூடியிருக்கும். அம்மா திரும்பவும் ரோல்ஸ் பொரித்து ஒரு ட்ரே நிறைய எடுத்துக்கொண்டார். எனக்குப் போகக் கூச்சமாக இருந்தது. மிஸ் எல்லாருக்கும் ஃபோன் எடுத்திருப்பார்.

வீட்டுக்குள் டொமினோக் கட்டையை மேசையில் அடிக்கிற சத்தம், அதற்கு மேலால் தேவாரம் மாதிரி இழுத்து ஒரு பாட்டு. அன்ரி கதவடிக்கு வந்தார்.

"வா தம்பி. எலிக்கு விருந்து வச்சனியாம்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"ரோல்ஸ் வச்சதைக் கேக்கிறா."

"சொல்லு அவவுக்கு. ஒண்டும் மிச்சமில்லை, எல்லாம் சாப்பிட்டிட்டான் எண்டு சொல்லு."

நான் அப்படியே சொன்னேன். அன்ரி சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து வரவேற்பறையின் மூலைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே தனியாக ஒரு சின்ன மேசை. வெள்ளைத் துணி விரித்து, பொரித்த மீன், பாண் ரொட்டி, ஒரு கோப்பையில் சோறு, ஒரு றம் போத்தல். கதிரை இல்லை. வீடு நிறையச் சனம் தின்றுகொண்டிருக்க, அந்த மேசையில் மட்டும் ஒருவரும் கை வைக்கவில்லை. பக்கத்தில் ஓடி வந்த ஒரு குழந்தையை யாரோ இழுத்துக்கொண்டார்கள்.

"இது அவன்ர" என்றார் அன்ரி. "நடுச்சாமம் ஆகுமட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது."

நான் தமிழில் சொல்ல வாய் திறந்தேன். அம்மாவுக்குத் தேவைப்படவில்லை. ட்ரேயில் இருந்து இரண்டு ரோல்ஸை எடுத்து, ஒருவரையும் கேட்காமல், அந்த மேசையில் வைத்தார்.

டொமினோச் சத்தம் நின்றது. கிழவர் ஒருவர் கதிரையில் இருந்து அரைவாசி எழும்பினார். அது வெளி ஆட்கள் தொடுகிற மேசை இல்லை என்று எனக்கு விளங்கியது. அம்மாவுக்கு விளங்கவில்லை, அல்லது விளங்கியும் கணக்கெடுக்கவில்லை. அன்ரி மேசையைப் பார்த்தார். றம் போத்தலைக் கொஞ்சம் தள்ளி வைத்து ரோல்ஸுக்கு இடம் விட்டார். கிழவர் திரும்பக் கதிரையில் இருந்தார். கட்டை திரும்ப அடிபடத் தொடங்கியது.

பிறகு அன்ரி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். பானை அடுப்பில் இருந்தது. சோறு அவிந்து அடங்கியிருந்தது. துணியால் பிடித்து மூடியைத் தூக்கி, நீராவியை உதறிவிட்டு, என்னிடம் திருப்பிக் காட்டினார். விளிம்பு முழுக்க நெளிவு.

"இது என்ன தெரியுமோ?"

"மூடி."

"ஸ்டீயரிங். பேசாமல் இருக்கட்டும் எண்டு சின்னனில இதைத்தான் குடுக்கிறனான். கதிரையில ஏறி இருந்து பஸ் ஓட்டுவான். சுவரில இடிப்பான், ஃப்ரிட்ஜில இடிப்பான். ஒவ்வொரு ஸ்டொப்புக்கும் பேர் சொல்லுவான். நான் சோறு போட மூடியைத் தேடினால், 'அம்மா, பஸ் இன்னும் டிப்போவுக்கு வரேல்லை' எண்டுவான்."

சிங்கில் வைத்து மூடியைக் கழுவத் தொடங்கினார். கைப்பிடிக்குக் கீழே இருந்த எண்ணெய்க் கறையை நெடுநேரம் உரசினார்.

"பானை என்ர. எனக்கு உயிர் இருக்கும் வரைக்கும் அது அடுப்பில இருக்கும். மூடி அவன்ர. இதைக் கொண்டுபோய் அந்த மனிசியிட்டைக் குடு. கழுவிப்போட்டன் எண்டு சொல்லு. எலி வராது."

"மூடி இல்லாம நீங்கள் எப்பிடி அன்ரி சோறு வைக்கிறது?"

அவர் அதை யோசிக்கவில்லை போல. பானையைப் பார்த்தார். அம்மா வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னவாம்?" என்று கேட்டார். சொன்னேன். அம்மா செருப்பைக்கூட மாற்றாமல் ஸ்னோவுக்குள்ளால் எங்கள் வீட்டுக்குப் போய், எங்கள் பெரிய சட்டியின் மூடியைக் கொண்டுவந்து டச்சியின் மேல் வைத்தார். வட்டம் சரிவரவில்லை. ஒரு பக்கம் இடைவெளி. அன்ரி அதைத் தட்டிப் பார்த்தார்.

"காணும்" என்றார்.

அடுத்த நாள் மூடியை மிஸ்ஸிடம் கொண்டுபோனேன். கையுறை போட்டுக்கொண்டு வாங்கினார். லைட்டுக்குக் கீழே பிடித்து, மோந்து பார்த்தார். அன்ரி சொன்னதைச் சொன்னேன், பஸ் கதையையும் சொன்னேன். மிஸ் மூடியை இரண்டு கையாலும் பிடித்து ஒருதரம் திருப்பினார்.

"வகுப்பிலயும் ஓட்டினவன்" என்றார். "ஆனா வேலை செய்த ஆக்களைப் பற்றி உள்ள வைக்கிறதில்லை எண்டு சட்டம்."

"இது வேலை செய்தவன்ர இல்லை மிஸ். எங்கட பஸ் ரோட்டில இருக்கிற ஒரு வீட்டில இருந்து வந்த சாமான்."

மிஸ் என்னைப் பார்த்தார். மூடியை, இன்னும் எடுக்காமல் நின்ற நடுமேடையில் வைத்தார். திறப்பைத் திருப்பித் தரவில்லை. இன்னும் தரவில்லை.

நாங்கள் வெட்டிய வட்டம் பானையின் வயிற்றுக்கு. மூடி அதைவிடச் சின்னது. சுற்றிவர வெறும் கறுப்புப் பலகை தெரிகிறது. அளந்த நூல் பின்பக்கம் ஆணியில் அப்படியே தொங்குகிறது. அதை நான் எடுக்கவில்லை, மிஸ்ஸும் எடுக்கச் சொல்லவில்லை.

திறந்த நாளில் நல்ல சனம். தொப்பிகளுக்கு முன்னால் பெண்கள் நின்று, இது இன்னாருடைய தாய் போட்டது, அது இன்னாருடைய கல்யாணத்துக்கு வாங்கியது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பாபர் கதிரையில் இருக்கவேண்டும் என்று ஒரு கிழவர் சண்டை பிடித்தார். முதலாளி அண்ணை கடையை மூடிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். தன் ஃப்ரீசரில் இருந்த தொப்பிகளைத் தன் பிள்ளைகளைக் காட்டுவது போல் மனைவிக்குக் காட்டினார். பிறகு நடுமேடைக்கு முன்னால் நின்றார்.

"மூடி கிடக்கு. பானை எங்கையடா?"

பக்கத்தில் நின்ற மிஸ்ஸுக்கு நான் அதை இங்கிலிசில் சொல்லவேண்டியிருக்கவில்லை. மிஸ்ஸுக்கே கேள்வி விளங்கிவிட்டது.

"சமையலில இருக்கு" என்றார்.

அன்ரி வரவில்லை. வருவார் என்று நான் நினைத்திருந்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வழக்கம் போலச் சோற்றுப் பெட்டி வந்தது. அம்மாவின் மூடியால் ஆவி போவதால் மேல் சோறு கொஞ்சம் விறைப்பாக இருந்தது. அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முழுக்கச் சாப்பிட்டோம்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கோயிலுக்குப் போகிறவர்களோ, சேர்ச்சுக்குப் போகிறவர்களோ, எங்கும் போகாமல் வீட்டில் ஒரு படத்துக்கு முன்னால் நிற்கிறவர்களோ, எனக்குத் தெரியாது. அடுத்த முறை கை கூப்பும்போது அவனையும் ஒருக்கால் நினைத்துக் கும்பிடுங்கள். குளிர் இல்லாத இடத்தில் இருக்கட்டும் என்று கேளுங்கள். அன்ரிக்காகவும் கேளுங்கள். அவனுடைய உண்மையான பெயர் உங்களுக்குத் தேவையில்லை. மச்சான் என்று சொன்னால் அவன் திரும்பிப் பார்ப்பான்.